ஜெராக்ஸ் கடைக்கும் மைக் செட்டுக்கும் போய்வரும் பென் டிரைவ்: லினக்ஸில் கையாள்வது எப்படி?

மதுரையில் பென் டிரைவ் மேசையில் சும்மா கிடக்கும் பொருள் இல்லை. காலையில் ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட் பிரிண்ட், மத்தியானம் ஃப்ளெக்ஸ் அடிப்பவரிடம் டிசைன், ராத்திரி முளைப்பாரிக்கு மைக் செட்டில் பாட்டு என்று ஒரே பென் டிரைவ் ஊரைச் சுற்றி வரும். போகிற இடமெல்லாம் வேறு வேறு கருவி. வீட்டுக் கணினியில் மட்டும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். அதனால் எங்கே சிக்கல் வந்தாலும் பழி லினக்ஸ் மேல் விழுகிறது. உண்மையில் அந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை, பென் டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, கடைசியாக எப்படிப் பிடுங்கப்பட்டது என்ற இரண்டில் ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் மூன்றுக்கும் இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழியில் வந்ததுதான். சில இடங்களில் கட்டளைகள் வரும். அவற்றைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலான டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நாங்கள் காட்டும் இடைவெளிகளைத் தவிர வேறு இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும்.

செருகியதும் உள்ளே நடப்பது

மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், சிக்கல் எங்கே நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் வேலை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுடையது. செருகிய நொடியில் போர்ட்டில் ஏதோ வந்திருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது. நீ யார், என்ன வகை என்று கேட்கிறது. பென் டிரைவ் தன்னைச் சேமிப்புக் கருவி என்று அறிமுகம் செய்துகொள்கிறது. இந்த வகைக்கு எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதியைப் பின்பற்றுவதால் தனி டிரைவர் எதுவும் நிறுவத் தேவையில்லை. அதற்கான பகுதி கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. உடனே அதற்கு ஒரு பெயர் கிடைக்கும்: /டெவ்/எஸ்டிபி என்பது மாதிரி. அதற்குள் இருக்கும் முதல் பகுதி, அதாவது பார்ட்டிஷன், /டெவ்/எஸ்டிபி1.

இரண்டாவது, அந்தப் பார்ட்டிஷனில் எந்த ஃபைல் சிஸ்டம் இருக்கிறது என்று பார்ப்பது: ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 என்று பல உண்டு. எது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற கணக்கை எழுதி வைக்கும் முறை இது. முறை தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் எதையும் படிக்க முடியாது.

மூன்றாவது மவுண்ட். விண்டோஸில் பென் டிரைவுக்கு ஈ, எஃப் என்று தனி எழுத்து கிடைக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. எல்லா ஃபோல்டரும் ஒரே மரத்தின் கிளைகள். பென் டிரைவை அந்த மரத்தில் ஒரு ஃபோல்டராகக் கோத்துவிடுவதற்குப் பெயர்தான் மவுண்ட். உபுண்டுவிலும் மின்டிலும் டெபியனிலும் அந்த இடம் /மீடியா/உங்கள் பயனர் பெயர்/பென் டிரைவின் பெயர். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் /ரன்/மீடியா என்று ஆரம்பிக்கும். இந்த வேலையை யுடிஸ்க்ஸ் என்ற பின்னணிச் செயலி செய்கிறது. டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருப்பவர் பெயரில் மவுண்ட் செய்வதால் பாஸ்வேர்டு கேட்காது.

செருகியும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் முதலில் ஃபைல் மேனேஜரின் இடது ஓரத்தைப் பாருங்கள். பெயர் அங்கே இருந்தால் முதல் இரண்டு வேலையும் முடிந்துவிட்டது, அதன்மேல் கிளிக் செய்தால் மவுண்ட் ஆகும். கேடிஇ டெஸ்க்டாப்பில் தானாக மவுண்ட் ஆகாமல் கிளிக்குக்காகக் காத்திருப்பதுதான் வழக்கம். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸில் ரிமூவபிள் டிரைவ்ஸ் என்ற பகுதி இருக்கும், அங்கே செருகியதும் மவுண்ட் செய்வதற்கான டிக்கைப் போட்டுவிடலாம்.

பெயரே இல்லை என்றால் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிஎல்கே என்று அடியுங்கள் (எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்துகள்; பி என்பது ஏ-க்கு அடுத்து வரும் பி, எஸ்டிபி-யிலும் அதே பி). கணினியில் உள்ள எல்லா டிஸ்க்கும் ஒரு பட்டியலாக வரும். 465.8ஜி என்று ஒரு வரி இருந்தால் அது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 14.9ஜி என்று இருந்தால் அது உங்கள் 16 ஜிபி பென் டிரைவ். கம்பெனிக்காரர் ஜிபியை ஆயிரத்தின் மடங்கில் கணக்குப் பார்க்கிறார், இந்தக் கட்டளை 1024-இன் மடங்கில் பார்க்கிறது, யாரும் ஏமாற்றவில்லை. பட்டியலில் ஆர்எம் என்ற பத்தியில் 1 இருந்தால் கழற்றக்கூடிய கருவி. ஆர்ஓ என்ற பத்தியில் 1 இருந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. கடைசிப் பத்தியில் /மீடியா என்று தொடங்கும் பாதை இருந்தால் மவுண்ட் ஆகியிருக்கிறது. காலியாக இருந்தால் ஆகவில்லை. எல்எஸ்பிஎல்கே எழுதி, ஓர் இடைவெளி விட்டு -எஃப் சேர்த்தால் ஃபைல் சிஸ்டத்தின் பெயரையும் காட்டும்.

ஓர் எச்சரிக்கை. பழைய மடிக்கணினிகளில் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் எஸ்டிஏ, பென் டிரைவ் எஸ்டிபி. பழைய கட்டுரைகள் எல்லாம் இதை வைத்தே எழுதப்பட்டவை. இப்போது வரும் கணினிகளில் உள்ளே என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இருக்கிறது. அதன் பெயர் என்விஎம்இ0என்1 என்று போகும். அதனால் முதலில் செருகும் பென் டிரைவுக்கே எஸ்டிஏ என்ற பெயர் வந்துவிடும். பெயரைப் பார்த்து ஃபார்மட் செய்யாதீர்கள், கொள்ளளவைப் பார்த்துச் செய்யுங்கள். இந்தக் காரணத்துக்காகவே புதிதாக வருபவர்களுக்கு எங்கள் ஆலோசனை: டெர்மினலைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அழிப்பதற்கும் ஃபார்மட் செய்வதற்கும் படத்துடன் காட்டும் டிஸ்க்ஸ் செயலியைப் பயன்படுத்துங்கள்.

பட்டியலிலேயே வராவிட்டால்

இது மென்பொருள் சிக்கலாக இருக்க வாய்ப்பு குறைவு. டெஸ்க்டாப் கணினி என்றால் முன்பக்கத்துப் போர்ட்டை விட்டுப் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். முன்பக்கப் போர்ட் மதர்போர்டோடு ஒரு மெல்லிய ஒயரில் இணைந்திருக்கும். அசெம்பிள் செய்த கணினிகளில் அந்த ஒயர் லூஸாக இருப்பது சகஜம். பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டது. மலிவான யுஎஸ்பி ஹப் நடுவில் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? பென் டிரைவைக் கழற்றிவிட்டு, டெர்மினலில் சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ என்று ஓட விடுங்கள் (எஸ், யு, டி, ஓ, இடைவெளி, டி, எம், இ, எஸ், ஜி, பிறகு இடைவெளி, கோடு, டபிள்யூ; சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது). கெர்னல் பேசுவதெல்லாம் அப்படியே திரையில் ஓடும். இப்போது செருகுங்கள். நல்ல நிலையில் இருந்தால் 'நியூ ஹை-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்' அல்லது 'சூப்பர்ஸ்பீட்' என்று ஒரு வரி, அதன்பின் கம்பெனிப் பெயர், கொள்ளளவு, 'ரைட் ப்ரொடெக்ட் இஸ் ஆஃப்', கடைசியில் எஸ்டிபி1 என்று வரிசையாக வரும். ஹை-ஸ்பீட் என்றால் யுஎஸ்பி 2, நொடிக்கு 480 மெகாபிட். சூப்பர்ஸ்பீட் என்றால் யுஎஸ்பி 3, அதாவது 5 ஜிகாபிட் அல்லது மேல். 'ஃபுல்-ஸ்பீட்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது பழைய 12 மெகாபிட் வேகம். பென் டிரைவுக்கு அந்த வரி வந்தால் முனை சரியாகத் தொடாமல் இருக்கலாம்.

'டிஸ்கிரிப்டர் ரீட்' என்று தொடங்கி எர்ரர் -71 அல்லது -110 என்று முடிந்தால், கெர்னல் கேட்ட கேள்விக்குப் பென் டிரைவ் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. முதலாவது பதில் குழறிவிட்டது, இரண்டாவது நேரம் முடியும்வரை பதிலே இல்லை. வேறு போர்ட், வேறு கணினி பாருங்கள். எங்கே செருகினாலும் அதே வரி வந்தால் அந்தப் பென் டிரைவ் முடிந்தது. செருகும்போது ஒரு வரிகூட ஓடவில்லை என்றால் போர்ட்டோ பென் டிரைவோ மின்சார அளவிலேயே செத்துவிட்டது.

யுஎஸ்பி 3 பென் டிரைவ் 480 மெகாபிட்டில் மட்டும் ஓடுகிறது என்றால் கழற்றி, தயங்காமல் ஒரே அழுத்தாகச் செருகிப் பாருங்கள். மெதுவாக நுழைத்தால் முன்வரிசை முனைகள் முதலில் தொட்டு, யுஎஸ்பி 2 என்றே முடிவாகிவிடுவது உண்டு.

எந்த முறையில் ஃபார்மட் செய்வது

இதற்கு லினக்ஸைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். இப்போதைய லினக்ஸ் இவை எல்லாவற்றையும் படிக்கும். பென் டிரைவ் போகிற இடங்களிலேயே திறமை குறைந்த கருவி எதுவோ, அதுதான் முடிவு செய்யும்.

பட்டியலின் கடைசியில் நிற்பது மைக் செட் ஆம்ப்ளிஃபையர். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ கோயில் திருவிழாவுக்கு வந்து நிற்கும் ஆம்ப்ளிஃபையரில் யுஎஸ்பி துளை ஒரு சின்ன எம்பி3 பலகையோடு இணைந்திருக்கும். அதற்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும், அதுவும் பழைய எம்பிஆர் வகைப் பார்ட்டிஷன் அட்டவணை இருந்தால்தான். பழைய கார் ஸ்டீரியோவும் பெரும்பாலும் அப்படியே. அடுத்து ஜெராக்ஸ் கடை: அங்கே இருப்பது விண்டோஸ். அதில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் மூன்றும் திறக்கும், எக்ஸ்ட்4 மட்டும் திறக்காது. எக்ஸ்ட்4 போட்ட பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கும். கடைப்பையன் பழக்கத்தில் ஓகே தட்டிவிட்டால் எல்லாம் போச்சு. எனவே வெளியே போகும் பென் டிரைவுக்கு எக்ஸ்ட்4 வேண்டவே வேண்டாம்.

ஃபேட்32-இன் ஒரே பெரிய குறை, ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. சரியாகச் சொன்னால் உச்சவரம்பு 4,29,49,67,295 பைட். பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் 'ஃபைல் பெரியதாக இருக்கிறது' என்று மறுத்துவிடும். நொடிக்கு 50 மெகாபிட் அளவில் எடுத்த கல்யாண வீடியோ பதினொன்றரை நிமிடத்திலேயே இந்த எல்லையைத் தொட்டுவிடும். ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் நடுவே வீடியோ தூக்கும் பென் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட்தான் சரி. அதற்கு 4 ஜிபி தடை கிடையாது, விண்டோஸும் மேக்கும் படிக்கும்.

எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2019-இல்தான் வெளிப்படையாக விவரித்தது. அதன்பின் 2020-இல் வந்த 5.7 கெர்னலில் நல்ல டிரைவர் சேர்ந்தது. அதற்கு முந்தைய லினக்ஸில், குறிப்பாகப் பழைய பாஸ் மடிக்கணினிகளில், 'அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப் எக்ஸ்ஃபேட்' என்று வரும். எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் என்ற தொகுப்பை நிறுவினால் திறக்கும். புதிய லினக்ஸில் படிக்க எதுவும் நிறுவ வேண்டாம். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்ய மட்டும் எக்ஸ்ஃபேட்ப்ரோக்ஸ் என்ற தொகுப்பு தேவை (கடைசியில் பி, ஆர், ஓ, ஜி, எஸ்).

கடையில் வாங்கும் 64 ஜிபி பென் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில்தான் வரும். மைக் செட்டில் செருகினால் ஓடாது. விண்டோஸில் வலது கிளிக் செய்து ஃபேட்32-க்கு மாற்றப் பார்த்தால், 32 ஜிபிக்கு மேல் அந்த வசதியையே நெடுங்காலமாகக் காட்டுவதில்லை. லினக்ஸுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, இடது பக்கத்தில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, கொள்ளளவை இன்னொரு முறை சரிபாருங்கள். மேலே உள்ள மெனுவில் 'ஃபார்மட் டிஸ்க்', பார்ட்டிஷன் அட்டவணை வகையில் புதிய ஜிபிடி வேண்டாம், 'எம்பிஆர்/டாஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பார்ட்டிஷன்கள் எல்லாம் அழிந்து காலி இடம் தெரியும். கீழே கூட்டல் குறியை அழுத்தி முழு அளவையும் கொடுத்து, பெயர் எழுதி, எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் வகை என்று குறித்திருக்கும் ஃபேட்டைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், 11 எழுத்துக்குள். லினக்ஸ் நிறுவ ஐஎஸ்ஓ என்ற நிறுவல் ஃபைலை எழுதிய பென் டிரைவை மறுபடி சாதாரணமாக்கவும் இதே வழிதான். அதில் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்தால் போதாது, 'ஃபார்மட் டிஸ்க்' முழுசாகச் செய்ய வேண்டும்.

மைக் செட் பற்றி இன்னொன்று, இதைக் கேட்காத ஊர் இல்லை. பிள்ளையார் பாட்டை 01 என்று பெயர் வைத்து முதலில் வரும்படி போட்டிருப்பீர்கள். ஆம்ப்ளிஃபையர் நடுவில் இருக்கும் குத்துப்பாட்டில் ஆரம்பிக்கும். அந்தப் பலகைகளில் பல பெயரை வரிசைப்படுத்துவதில்லை. ஃபேட் அட்டவணையில் எந்தப் பாட்டு முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். ஃபேட்சார்ட் (எஃப், ஏ, டி, எஸ், ஓ, ஆர், டி) என்ற சிறு நிரல் அந்த அட்டவணையையே பெயர் வரிசைக்கு மாற்றி எழுதிவிடும். நிறுவிக்கொண்டு, பென் டிரைவை அன்மவுண்ட் செய்துவிட்டு (செருகியபடியே இருக்கட்டும்), சூடோ ஃபேட்சார்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு /டெவ்/எஸ்டிபி1 என்று கொடுங்கள். எஸ்டிபி1 என்ற இடத்தில் எல்எஸ்பிஎல்கே காட்டிய பெயர் வர வேண்டும்.

காப்பி முடிந்தது என்றால் முடிந்துவிட்டதா?

இல்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லாரி வந்து நின்றதும் கணக்குப்பிள்ளை சரக்கு வந்ததாகச் சீட்டு எழுதிவிடுவார். மூட்டை இறங்கி முடிய இன்னும் அரை மணி ஆகும். லினக்ஸும் அப்படித்தான். காப்பி செய்யச் சொன்னதும் ஃபைலை முதலில் ராமில் வாங்கிக்கொண்டு, ஆயிற்று என்று சொல்லிவிடும். பென் டிரைவுக்கு எழுதும் வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நேரம் ஓடும்? இயல்பான அமைப்பில், காலியாக உள்ள ராமில் சுமார் 20 சதவீதம் வரை எழுதாத தரவைத் தேக்கி வைக்க அனுமதி உண்டு. 6 ஜிபி காலியாக இருந்தால் 1.2 ஜிபி. மலிவான பென் டிரைவ் நொடிக்கு 8 எம்பி எழுதும் என்று வைத்துக்கொண்டால், திரையில் முடிந்ததாகக் காட்டிய பிறகும் இரண்டரை நிமிட வேலை பாக்கி இருக்கிறது. அந்த நேரத்தில் பிடுங்கினால் ஃபைலின் பெயர் இருக்கும், அளவுகூடச் சரியாக இருக்கலாம், உள்ளே பாதி வெற்றாக இருக்கும். ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப் திறக்கவில்லை என்ற புகாரின் பின்னால் அடிக்கடி இருப்பது இதுதான். ஃபேட்32-ஐ யுடிஸ்க்ஸ் மவுண்ட் செய்யும்போது சீக்கிரம் எழுதச் சொல்லும் ஒரு விருப்பத்தையும் சேர்க்கிறது. எனவே அதில் தேக்கம் குறைவு. எக்ஸ்ஃபேட்டிலும் என்டிஎஃப்எஸ்ஸிலும் தேக்கம் நன்றாகவே தெரியும். 99 சதவீதத்தில் நின்றுகொண்டு நகராமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். அது ஹேங் ஆகவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறது.

எனவே ஃபைல் மேனேஜரில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எஜெக்ட் அம்பை அழுத்துங்கள். தரவு பாக்கி இருந்தால் 'எழுதிக்கொண்டிருக்கிறது, பிடுங்காதே' என்று அறிவிப்பு வரும். இப்போது எடுக்கலாம் என்று வந்த பிறகே கை வையுங்கள். டெர்மினல் பிடிக்கும் என்றால் சிங்க் (எஸ், ஒய், என், சி) என்று அடியுங்கள். கர்சர் திரும்பி வரும்போது எல்லாம் எழுதி முடிந்திருக்கும். பென் டிரைவில் விளக்கு மின்னுவதை நிறுத்தியதை மட்டும் நம்பிப் பிடுங்குவது சரியில்லை. நடுவில் சற்று ஓய்ந்து மறுபடி மின்னும்.

'பிஸி' என்று மறுத்தால் ஏதோ ஒரு நிரல் இன்னும் உள்ளே இருக்கிறது. பின்னால் திறந்து கிடக்கும் லிப்ரேஆபிஸ் ஃபைல், பாட்டுப் பிளேயர், இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரிலேயே நிற்கும் டெர்மினல் ஜன்னல். பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மூடிவிட்டு மறுபடி எஜெக்ட் கொடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் பகுதி என்றால், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பெரிய காப்பிகளை ஓட விட்டுவிட்டு நகராதீர்கள்.

எழுத விடமாட்டேன் என்கிறது

முன்பு எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய ஃபேட்32 பென் டிரைவில் 'ஒழுங்காகக் கழற்றப்படவில்லை' என்ற குறி பதிந்திருக்கும். அதோடு மவுண்ட் ஆகும், ஆனால் அட்டவணையில் முரண்பாடு ஒன்றைக் கண்டதும் மேலும் கெடாமல் இருக்க, கெர்னல் தானாகவே படிக்க-மட்டும் நிலைக்கு மாற்றிவிடும். டிஸ்க்ஸ் செயலியில் அன்மவுண்ட் செய்து, பற்சக்கரக் குறியின் மெனுவில் 'ரிப்பேர் ஃபைல்சிஸ்டம்' கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முக்கியமான ஃபைல் இருந்தால் முதலில் வெளியே காப்பி எடுத்துவிட்டுப் பழுது பாருங்கள். என்டிஎஃப்எஸ் என்றால் லினக்ஸில் தட்டிக்கொண்டிருக்காமல் விண்டோஸ் கணினி ஒன்றில் எர்ரர் செக்கிங் ஓட்டுவதே மேல்.

எக்ஸ்ட்4 பென் டிரைவில் காரணம் வேறு. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர் எண் உண்டு. ஒரு கணினியில் ஒருவர் எழுதியது இன்னொரு கணினியில் வேறு எண்ணுடையவருக்குச் சொந்தமில்லை. ஃபேட்டில் உரிமையாளரே கிடையாது, மவுண்ட் செய்தவருக்கே எல்லாம் சொந்தம். அதற்கு ஒரு விலையும் உண்டு: ஃபேட் பென் டிரைவில் வைத்திருக்கும் ஆப்இமேஜையோ (ஒரே ஃபைலாக வரும் லினக்ஸ் செயலி) ஸ்கிரிப்டையோ அங்கிருந்தே ஓட்ட முடியாது, அனுமதியை மாற்றினாலும் ஒட்டாது. ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

டிமெஸ்ஜியில் 'ரைட் ப்ரொடெக்ட் இஸ் ஆன்' என்று வந்து, பென் டிரைவில் பூட்டுப் பொத்தானும் இல்லை என்றால், உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் நினைவகம் தேய்ந்து, அதை நடத்தும் கன்ட்ரோலர் சிப் தானே பூட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஃபார்மட் செய்தாலும் மீளாது. படிக்க முடிகிறவரை எடுத்துக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

ஷார்ட்கட் வைரஸோடு திரும்பி வந்தால்

பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். விண்டோஸில் அதன்மேல் கிளிக் செய்தால் அந்தக் கணினிக்கும் தொற்றும். லினக்ஸில் அந்த நிரல் ஓடாது. இன்னொரு லாபம், வைரஸ் ஒளித்து வைத்த உண்மையான ஃபோல்டர்கள் இங்கே வெளிப்படையாகத் தெரியும்; ஃபேட்டின் 'ஹிடன்' குறியை லினக்ஸ் ஃபைல் மேனேஜர்கள் பொருட்படுத்துவதில்லை. சில வைரஸ்கள் எல்லா ஃபைலையும் பெயரே இல்லாதது மாதிரித் தெரியும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும். பெயர் வெறும் இடைவெளி எழுத்து. திறந்து பாருங்கள், உள்ளே பத்திரமாக இருக்கும்.

வேண்டியவற்றை ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். பெயரின் கடைசியில் எல்என்கே, விபிஎஸ் என்று முடிபவற்றையும், ஆட்டோரன் என்ற ஃபைலையும், நீங்கள் போடாத இஎக்ஸ்இ-களையும் நகலெடுக்க வேண்டாம். பிறகு மேலே சொன்னபடி பென் டிரைவை முழுக்க ஃபார்மட் செய்து ஃபைல்களைத் திரும்பப் போடுங்கள். ஒவ்வொன்றாக வைரஸைத் தேடி அழிப்பதைவிட இது வேகம். ஹிடன் குறியும் இதிலேயே போய்விடும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள்

தமிழ்ப் பெயர்கள் ஃபேட்32-இலும் எக்ஸ்ஃபேட்டிலும் ஒழுங்காகவே பதிகின்றன. டெஸ்க்டாப் வழியாக மவுண்ட் செய்தால் சரியாகத் தெரியும். பழைய வழிகாட்டியைப் பார்த்துக் கையால் மவுண்ட் செய்தவர்களுக்குக் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், யுடிஎஃப்8 என்ற விருப்பத்தைச் சேர்க்காததுதான் காரணம்.

ஆனால் நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டு லினக்ஸ் டிஸ்க்கில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'மதுரை' என்ற மூன்றெழுத்தில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட். மொத்தம் 85 குறியீடுகளோடு எல்லை முடிந்துவிடும், அதாவது ஐம்பது எழுத்தை ஒட்டி. ஃபேட் பைட்டை எண்ணாமல் 255 குறியீடுவரை விடுவதால், விண்டோஸில் நீளமாகப் பெயரிட்ட திருமண அழைப்பிதழ் பென் டிரைவில் இருக்கும், வீட்டு லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது மட்டும் 'பெயர் நீளம்' என்று மறுக்கும். பெயரைச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள். எதிர்த்திசையில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி ஆகியவை ஃபேட்டில் ஆகாது. '10:30 முகூர்த்தம்' என்ற பெயர் லினக்ஸில் செல்லும், பென் டிரைவுக்குப் போகாது.

மேலே எழுதியிருக்கும் கொள்ளளவு உண்மையா?

டவுன் ஹால் ரோட்டில் பில்லோடு வாங்கினாலும் சரி, ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கினாலும் சரி, விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சோதித்துவிடுங்கள். போலிப் பென் டிரைவில் கன்ட்ரோலர் 64 ஜிபி என்று பொய் சொல்லும். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். நிரம்பிய பிறகும் எழுதுவதாகக் காட்டி, பழையதன் மேலேயே எழுதும் அல்லது காற்றில் விடும். எல்எஸ்பிஎல்கே-யும் அந்தப் பொய்யைத்தான் திருப்பிச் சொல்லும்.

எஃப்3 என்ற தொகுப்பை நிறுவுங்கள். காலிப் பென் டிரைவைச் செருகி, எஃப்3ரைட் என்று எழுதி இடைவெளி விட்டு அதன் /மீடியா பாதையைக் கொடுத்தால், 1 ஜிபி ஃபைல்களாக எழுதி முழுவதையும் நிரப்பும். பிறகு அதே பாதையோடு எஃப்3ரீட் கொடுத்தால் எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 8 எம்பி எழுதும் 64 ஜிபி பென் டிரைவை நிரப்பவே இரண்டே கால் மணி நேரம் ஆகும், ராத்திரி ஓட விட்டுவிடலாம். எழுதியதும் எஜெக்ட் செய்து மறுபடி செருகிய பிறகு படிக்கச் சொல்வது நல்லது; ராமில் தங்கியிருப்பதையே படித்துச் சரி என்று சொல்லும் வாய்ப்பு அப்போது இருக்காது. 'டேட்டா லாஸ்ட்' என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். அங்கே ஜிபி கணக்கில் எண் வந்தால் போலி. பில்லோடு திருப்பிக் கொடுங்கள். அவசரம் என்றால் எஃப்3ப்ரோப் சில நிமிடங்களில் உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். அது பாதையைக் கேட்காது, /டெவ்/எஸ்டிபி என்ற கருவிப் பெயரைக் கேட்கும், சூடோவும் வேண்டும். திருப்பிக் கொடுக்க வழியில்லாவிட்டால் எஃப்3ஃபிக்ஸ் அந்த உண்மையான அளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுத் தரும். கடைசி செக்டர் எண்ணை எஃப்3ப்ரோப் காட்டியபடியே அதில் கொடுக்க வேண்டும்.